அண்ணன் பெயரில் ஐந்து நாள்

1

போன மாதம் அண்ணனுக்கு முதல் வருஷத் திதி. சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அது நடந்துகொண்டிருக்க, நான் ஸ்வீடனில் சமையலறை மேசை முன்னால் போனை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்று சொல்வது சும்மா. யாரோ போனை ஸ்டூல் மேல் ஒரு செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது சரிந்துவிட்டது. முக்கால் மணி நேரமும் எனக்குத் தெரிந்தது மின்விசிறியும் மூலையில் இருந்த ஒட்டடையும்தான். "போனைக் கொஞ்சம் நிமித்துங்க" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மாலை போட்ட அண்ணனின் படத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்பதுதான் நிஜம்.

நான் இங்கே வந்து பதினேழு வருடம். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் வடிவமைக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். இங்கே உங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு டாக்டர் மருந்து எழுதும்போது, "கொஞ்சம் பொறுங்கள், இந்த ஆளுக்கு இது ஆகாது" என்று திரையில் ஒரு கட்டம் வந்து நிற்குமே, அதைச் செய்கிற கூட்டத்தில் நான் ஒருவன். முடிவெடுப்பது டாக்டர். அவர் முடிவெடுக்கத் தேவையான தகவலை, தேவையான நேரத்தில், அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பது எங்கள் வேலை.

அப்படிப்பட்ட தகவல் ஒன்று தப்பாக இருந்ததால்தான் என் அண்ணன் செத்துப்போனார். அந்தத் தப்பான தகவல் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்துக் கதை சொல்கிற தெம்பு எனக்கு இல்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

ஸ்வீடனுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு எண் கொடுத்தார்கள். பிறந்த தேதியும் அதற்குப் பின்னால் நாலு இலக்கமும். அந்த எண் இல்லாமல் இங்கே ஒரு பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்ள முடியாது. வரி அலுவலகத்தில் அதை வாங்கிய அன்று, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். அடுத்த மாதம் என் மனைவி வருகிறாள், அவளுக்கு எண் வரும்வரை என் எண்ணைக் காட்டி டாக்டரைப் பார்க்கலாமா என்று. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என் ஸ்வீடிஷ் சரியில்லை, கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து ஆங்கிலத்தில் மறுபடி கேட்டேன். அவள் இன்னும் மோசமாகப் பார்த்தாள்.

எனக்கு அந்தப் பார்வை அன்றைக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் கார்டு என்றால் அது குடும்பத்துக்கு. ஒருவருக்குக் கிடைத்தது வீட்டில் எல்லாருக்கும் கிடைத்தது. யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. கொடுக்காவிட்டால்தான் பேச்சு வரும்.

என் அண்ணன் மாதேஷ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினார். ஷிப்ட் முடிந்து வந்து கொத்தமல்லிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். கம்பெனி அவருக்கு ஒரு மருத்துவ அட்டை கொடுத்திருந்தது. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்தக் கார்டைக் காட்டினால் போதும், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

எட்டு வருடத்துக்கு முன் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அடிவயிற்றில் வலி பிடித்தது. பத்து மணிக்குள் நிமிர முடியவில்லை. பெங்களூருக்குப் போகலாம் என்றால் எல்லையில் அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நகராது. ஓசூர்தான் ஒரே வழி. பயணத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று எனக்குத் தெரியும், சோம்பேறித்தனத்தில் எடுக்கவில்லை. வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் தோலை உரித்துவிடுவார்கள் என்று அண்ணன் பயந்தார். காரில் ஏறுவதற்கு முன் தன் கார்டை என் சட்டைப் பையில் செருகினார். நான் வேண்டாம் என்று சொன்னேன். நிஜமாகச் சொன்னேன். ஆனால் ஒரு தடவைதான் சொன்னேன்.

"நீ வேற நான் வேறயாடா? கம்முனு படு" என்றார்.

கார்டில் இருந்த படம் அவர் வேலையில் சேர்ந்தபோது எடுத்தது. அப்போது அவர் ஒல்லி, என்னைப் போலவே இருப்பார். அப்பா பெயர் இருவருக்கும் ஒன்று. ஊர் ஒன்று. வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம். வார்டில் நர்ஸ் "மாதேஷ், மாதேஷ்" என்று இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. அண்ணி என் தோளைக் கிள்ளினார். அப்பெண்டிக்ஸ் எடுத்தார்கள். ஐந்து நாள் படுக்கையில் இருந்தேன். வேளைக்கு வேளை பென்சிலின் வகை ஊசி ஒன்று போட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் படுத்திருக்கிறார் என்று கம்பெனிக்குத் தகவல் போய்விட்டது. அதனால் அவர் லீவு போட்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதாயிற்று. நான் வீடு திரும்பிய மறுநாள் கம்பெனியில் இருந்து நாலு பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்துவிட்டார்கள். அண்ணன் அவசரமாகப் பாயில் படுத்து, வயிற்றின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு முனக ஆரம்பித்தார். அறுத்த வயிற்றோடு நான் அடுத்த அறையில் சிரிக்கவும் முடியாமல் சிரிப்பை அடக்கவும் முடியாமல் தவித்தேன். தையல் பிய்த்துக்கொள்ளும் போலிருந்தது. அவர்கள் போன பிறகு அண்ணன் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே வந்து, "உன்னைவிட எனக்குத்தான்டா வலி ஜாஸ்தி" என்றார். அவருடைய மகள் பவித்ரா அப்போது கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு வயிற்றுவலி, சரியாகிவிட்டது என்று மட்டும் அவளிடம் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை நான் முழுக்கப் படித்தேன். தொழில் புத்தி. அச்சு தெளிவாக இருக்கிறது, முக்கியமானதை மேலே வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டினேன். மாதேஷ் என்ற பெயருக்குக் கீழே "மருந்து ஒவ்வாமை: எதுவுமில்லை" என்று இருந்தது. அதையும் படித்தேன்.

அண்ணனுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. இருபது வயதில் காலில் முள் குத்திச் சீழ் வைத்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டு, முகம் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்தது பெரிய காரியம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். அந்த வரியைப் படித்தபோது உறைத்திருக்க வேண்டும். என் வேலையே அது. நான் தாளை மடித்து அண்ணனின் பைலில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டேன்.

3

போன வருடம் மெஷினில் தகடு கிழித்து அண்ணனுக்குக் காலில் காயம். கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் கால் தூண் மாதிரி வீங்கி, காய்ச்சலில் என்னென்னவோ உளற ஆரம்பித்துவிட்டார். அண்ணி அவரை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதே கார்டு.

எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் எரித்தும்விட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் போர்வெல் மோட்டார் பக்கத்தில் என்னை நிறுத்தி அண்ணி சொன்னார். அழாமல் சொன்னார். அண்ணி கெலமங்கலத்துக்காரர். கல்யாணமாகி வரும்போது நான் காலேஜ் பையன். என்னிடம் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஊசியை எடுத்துக்கொண்டு வந்த நர்ஸிடம், இவருக்குப் பென்சிலின் ஆகாது என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நர்ஸ் ஒரு சின்னப் பெண். அவள் உடனே போய்த் திரையைப் பார்த்துவிட்டு, இதே ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே அம்மா என்றாள். இல்லை, ஆகாது என்று அண்ணி மறுபடியும் சொன்னார். அந்தப் பெண் நல்ல பெண். எரிந்து விழவில்லை. திரையை அண்ணியின் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெயர், அப்பா பெயர், கம்பெனி, ஊர் எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் அண்ணிக்குப் புரிந்திருக்கிறது. அது இவர் இல்லை என்று சொன்னால் கார்டு விஷயம் வெளியே வரும். இவர் வேலை போகும். போலீஸ்கூட வரலாம்.

"ஒரு நிமிஷம்தான் தம்பி யோசிச்சேன். பரவால்ல, சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள போட்டுட்டாங்க."

முதல் தடவை என்றால் தோலில் துளி மருந்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். ஏற்கெனவே ஐந்து நாள் போட்டுக்கொண்டவர் என்று திரை சொன்னதால் அதையும் செய்யவில்லை. அரை மணி நேரத்தில் அண்ணன் போய்விட்டார்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் அங்கே பேசி முடிவெடுக்கவில்லை. இருவருமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

4

திரும்பி வந்து எப்போதும்போல வேலைக்குப் போனேன். இங்கே காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். நானும் குடித்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அப்பெண்டிக்ஸ் எடுத்துக்கொண்டு வந்த அடுத்த வருடம் எங்கள் குழுவில் ஒரு பெரிய பிரச்சினை வந்தது. எங்கள் மென்பொருள் எடுத்ததற்கெல்லாம் எச்சரிக்கிறது என்று டாக்டர்கள் கடுப்பாகிவிட்டார்கள். எச்சரிக்கை ஓயாமல் வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், வந்த வேகத்தில் மூடுவார்கள். அதற்கு நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு மருந்தை நோயாளி முன்பே எடுத்துக்கொண்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த மருந்துக்கு இனி எச்சரிக்கை வேண்டாம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. எனக்காகக் கேக் வெட்டினார்கள்.

அதைப் பேசி முடிவெடுத்த கூட்டத்தில் மார்கரேத்தா என்று ஒரு வயதான நர்ஸ் இருந்தார். நோயாளியின் வீட்டுக்காரர்கள் ஒன்று சொல்கிறார்கள், திரை வேறொன்று சொல்கிறது, அவர்கள் சொல்வதை நான் எந்த இடத்தில் எழுதுவது என்று கேட்டார். அப்படி ஓர் இடம் இல்லை. வீட்டுக்காரர்கள் பதற்றத்தில் குழப்பிக்கொள்வார்கள், பதிவு குழப்பிக்கொள்ளாது என்று நான் பதில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஓடுவது எங்கள் மென்பொருள் இல்லை. அதைச் செய்தது யாரென்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குள் இருந்த புத்தி என் புத்திதான். திரையைத் திருப்பிக் காட்டிய அந்தப் பெண், நான் கூட்டத்தில் சொன்ன பதிலைத்தான் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் போய் மூன்று மாதம் கழித்து என் மேலதிகாரியிடம் போனேன். உறவினர் சொன்னது என்று ஒரு கட்டம் வைக்க வேண்டும், அது நிரம்பியிருந்தால் பழைய பதிவை நம்பி எச்சரிக்கையை நிறுத்தக்கூடாது என்றேன். ஆதாரம் இருக்கிறதா, ஏதாவது சம்பவம் உண்டா என்று கேட்டார். ஒன்று தெரியும் என்றேன். எங்கே என்றார். இந்தியாவில் என்றேன். அவர் ரொம்பப் பரிவாகத் தலையசைத்தார். அங்கே அப்படித்தான் நடக்கும், பாவம் என்கிற தலையசைப்பு அது. நடந்தது நான் செய்தது என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஊரை இழுத்து முன்னால் விட்டுவிட்டு அதன் பின்னால் நின்றுகொண்டேன். கட்டம் இன்னும் வரவில்லை.

வீட்டில் என் மனைவி சுமதியிடம் மட்டும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் மகன் நிதினும் இருந்தான். பதினைந்து வயது. தமிழ் புரியும், பதில் ஸ்வீடிஷில் வரும். கேட்டுவிட்டு, அது மோசடி இல்லையா என்றான். சுமதி அவனை முறைத்தாள். நான் ஆமாம் என்றேன். அப்படியென்றால் பவித்ரா அக்காவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றான். அவனுக்கு அது ஏதோ நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. எனக்குச் சுள்ளென்று ஏறியது. உனக்கு நம்ம ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நம் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். பெரியப்பாவை மொத்தமே மூன்று தடவைதான் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை.

5

திதி முடிந்த மறுநாள் பவித்ரா கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது இருபத்துநாலு வயது. சூளகிரியில் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். அண்ணனைப் போலவே அவளும் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். ஒரு வருடம் அலைந்து ஆஸ்பத்திரியில் இருந்து அப்பாவின் பதிவு முழுவதையும் அச்செடுத்து வாங்கிவிட்டாள். பதினோரு பக்கம். எனக்கும் அனுப்பியிருந்தாள்.

"சித்தப்பா, இது உங்க பீல்டுதானே. நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் எறங்கியிருக்கேன்" என்றாள்.

அவள் கம்பெனியில் ஒரு பாகம் கழிவாகிவிட்டால், ஏன் என்று கேட்டு, வரும் பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, அடிவரைக்கும் போய்ப் பார்ப்பார்களாம். அதையே ஒரு நோட்டில் தன் அப்பாவுக்கும் எழுதி வைத்திருந்தாள். அப்பா ஏன் இறந்தார்? ஊசியால். ஊசி ஏன் போட்டார்கள்? அம்மா சொன்னதை நர்ஸ் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? முன்பே போட்டதாகத் திரையில் இருந்தது. திரையில் ஏன் அப்படி இருந்தது? அதற்குமேல் அவளால் நகர முடியவில்லை.

"அப்பாவுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்னு போட்டிருக்கு சித்தப்பா. அப்பா வயித்துல தழும்பே கெடையாது. குளிப்பாட்டறப்ப நான் பாத்தேன்."

யாரோ ஒரு நோயாளியின் பதிவை அப்பாவின் பதிவில் கலந்துவிட்டார்கள் என்பது அவள் முடிவு. ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் தப்பில்லை, வீட்டுக்காரர்கள் சொன்னதை நர்ஸ் மதிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்களாம். அந்த நர்ஸை வார்டில் இருந்து எடுத்து, விசாரணை வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரம் பக்கத்துப் பெண். ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள். பவித்ரா நேரில் போய்க் கேட்டபோது அவள் அழுதாளாம். அழட்டும் என்றாள் பவித்ரா. திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போகிறாள், அந்தப் பெண் இனிமேல் எங்கேயும் ஊசியைத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரியில் பதிவுகள் எப்படிக் கலந்துபோகும் என்று நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

எழுதித் தருகிறேன் என்றேன். வாய் கூசவில்லை.

ஒரு மணி நேரத்தில் அண்ணி கூப்பிட்டார். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அதே இடத்தில் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது.

"சொல்லிடாத தம்பி. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

நான் சொன்னால் பவித்ரா அடுத்து என்ன கேட்பாள் என்று இருவருக்கும் தெரியும். அம்மாவுக்கு அப்போதே தெரியுமா, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்த ஒரு நிமிஷத்தை அண்ணி மகளிடம் எப்படி விளக்குவார்? எனக்கே விளக்கத் தெரியவில்லை.

சொல்லாவிட்டால் அந்த நர்ஸ் பெண்ணின் வேலை போய்விடும். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. சந்தேகம் வந்தது, உடனே பதிவைப் பார்த்தாள், பதிவை நம்பினாள். எங்களைப் போன்றவர்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

மூன்று நாள் அந்தப் பதினோரு பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடை, என்னுடையது. ரத்த அழுத்தம், என்னுடையது. இரண்டாம் நாள் இரவு நன்றாகத் தூங்கினார், அதுவும் நான்தான். வீட்டு முகவரி அண்ணனுடையது. கடைசிப் பக்கம் முழுக்க அண்ணனுடையது. அந்தப் பக்கத்தில் ஊசி போட்ட மணியும், அதற்குப் பிறகு ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் அவர் மூச்சு எப்படி இருந்தது என்பதும் வரிசையாக இருந்தன. எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாள் அந்தப் பெண். அவ்வளவு கலவரத்தில் ஒரு வரியையும் விடவில்லை. அவளைத்தான் நாங்கள் பலி கொடுக்கப் பார்த்தோம்.

6

சனிக்கிழமை மத்தியானம் பவித்ராவைக் கூப்பிட்டேன். எழுதிட்டீங்களா சித்தப்பா என்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அந்தத் தழும்பு என் வயித்துல இருக்கு பவி" என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, ஐந்து நாள், டிஸ்சார்ஜ் தாளில் நான் படித்த வரி, படித்தும் பேசாமல் வந்தது. நடுவில் இரண்டு தடவை இருக்கிறாயா என்று கேட்டேன். இருக்கேன் என்றாள்.

முடித்ததும், "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

எனக்கு ஆபரேஷன் நடந்த வாரம் அண்ணி கெலமங்கலத்தில் அவர் அம்மா வீட்டில் இருந்தார் என்றேன். அங்கே யாருக்கோ காது குத்து என்றேன். என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தது நம் கொத்தமல்லி நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், அவரும் இப்போது இல்லை என்றேன். எல்லாம் அந்த நிமிடத்தில் வந்தது. ஒன்றைச் சரிசெய்ய வந்தவன் அதே மூச்சில் இன்னொன்றைத் தப்பாகப் பதிந்து வைத்தேன். தெரிந்துதான் செய்தேன். எல்லாப் பழியும் என்னோடு நிற்கட்டும், அண்ணிக்கு அவள் மகள் மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு" என்றாள். சித்தப்பா என்று கூப்பிடவில்லை.

எழுதினேன். எந்தப் பக்கம் யாருடையது என்று வரிவரியாகக் குறித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பவித்ரா புகாரைக் கொடுக்கவில்லை. என் கடிதத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்து நாளில் அந்த நர்ஸ் பெண்ணை மறுபடி வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அண்ணி சொல்லித் தெரிந்தது. பவித்ரா என்னை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தேன். அண்ணியாவது நிம்மதியாக இருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிட்டார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. சுமதியும் நிதினும் கடைக்குப் போயிருந்தார்கள்.

"நான் சொல்லிட்டேன் தம்பி" என்றார்.

ஏன் அண்ணி என்று கேட்டேன். என் கடிதத்துக்குப் பிறகு பவித்ரா அவர்மேல் உயிராக இருந்தாளாம். வேலையில் இருந்து வந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாளாம். தலையில் எண்ணெய் வைத்து விடுவாளாம். என் அம்மா ரெண்டு தடவை சொன்னாளே, ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுவாளாம். கம்பெனியில் எல்லாரிடமும் எங்கம்மா மட்டும்தான் அப்பாவைக் காப்பாத்தப் பாத்தாங்க என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். அண்ணியால் அதைத் தாங்க முடியவில்லை. அவ என்னை அடிச்சிருந்தாகூட இருந்திருப்பேன் தம்பி, அவ என் தலைக்கு எண்ணெய் வெச்சா என்னால இருக்க முடியல என்றார். ஒரு நாள் சாயங்காலம் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பவித்ரா ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்து கம்பெனி எட்டு கிலோமீட்டர்தான். இத்தனை நாளும் வண்டியில்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

போகும்போது ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அதெல்லாம் எதுக்கு தம்பி என்றார் அண்ணி. சொல்லச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். சித்தப்பா ஏன் பொய் சொன்னார் என்று கேட்டாளாம். எனக்காகச் சொன்னார் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நீ ஏன் அன்னைக்கு வாயை மூடிக்கிட்ட என்று கேட்டாளாம். உங்கப்பாவுக்காக என்று சொல்லியிருக்கிறார். அப்பா ஏன் கார்டைக் கொடுத்தார் என்று கேட்டாளாம். தம்பிக்காக என்று அதற்கு அவளே பதில் சொல்லிக்கொண்டாளாம்.

"ஒருத்தருக்காக ஒருத்தர் பொய் சொல்லிச் சொல்லியே எங்கப்பாவைக் கொன்னுட்டீங்கன்னு சொன்னா தம்பி."

அண்ணி அழவில்லை. அடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஊரில் அப்போது இருட்டியிருக்கும். அந்த வீட்டில் அவர் ஒருத்தராக இருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. அண்ணிதான் பேச்சை மாற்றினார்.

"அதை விடு. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணி" என்றேன். காலையில் இருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.